ஒற்றைக் கோட்டுப் பயறும் கல்யாணத் தரகரும்

பயறு ஆராய்ச்சி நிலையத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘தரகரே’ என்றால்தான் திரும்புவார். பயறுச் செடிகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பது அவருடைய உத்தியோகம். ஒரு செடியின் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடியின் பூவுக்குள் வைப்பார். தாய் யார், தகப்பன் யார் என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி, அந்தப் பூவின் காம்பில் நூலால் கட்டித் தொங்கவிடுவார். வாத்தியம் கிடையாது, விருந்து கிடையாது, சம்பந்திச் சண்டை கிடையாது. மற்றபடி அது சட்டப்படி செல்லுபடியாகிற கல்யாணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. மீசை மட்டும் இன்னும் நரைக்கவில்லை. நரைக்க அவர் அனுமதிக்கவில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவர் ஊசிமுனை இடுக்கி குத்தியிருப்பார். அவர் பல் குத்துவதும் அந்த இடுக்கியால்தான் என்று அவருடைய மச்சான் கிளப்பிவிட்ட வதந்தியைக் கடுமையாக மறுத்திருக்கிறார்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. பயறுப் பூ ரொம்பக் கமுக்கமான பூ. மலர்ந்து, மணம் பரப்பி, தேனீ வரட்டும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கிற ரகம் இல்லை. மொட்டாக இருக்கும்போதே, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியிலேயே கொட்டிக் காரியத்தை முடித்துவிடும். காலையில் இதழ் விரித்துச் சிரிக்கும்போது, பாவம், நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே தரகு வேலை பார்ப்பவர் இதழ் வெளியே எட்டிப் பார்க்காத பச்சை மொட்டாகத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்குவமாகக் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை அவை முற்றுவதற்கு முன்னால் ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு மகரந்தம். மொட்டோ நெல்மணியில் பாதி. இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது பிழைப்பதே பெரிய விஷயம். பெரும்பாலானவை வாடி உதிர்ந்துவிடும்.

மற்றவர்களுக்கு உதிரும். தரகருக்கு உதிராது.

அவர் கைபட்ட மொட்டெல்லாம் காய்த்தது. கண்ணாடி வீட்டுக்குள் அவருடைய மேசை மட்டும் அறுவடைக்கு நின்ற வயல் மாதிரி இருக்கும். பக்கத்து மேசையில் வேலை பார்த்த அக்காவின் செடிகளோ, விசேஷம் முடிந்த வீடு மாதிரி, வெறும் நூலும் காகிதமுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அக்கா எதையும் வாய்க்குள்ளேயே பேசுபவள் என்பதால் முணுமுணுப்பு அக்கா என்று பெயர். "கை ராசிக்கா, கை ராசி!" என்று தரகர் அவளுக்கு ஆறுதல் சொல்வார். அக்கா பதிலுக்கு என்னவோ முணுமுணுப்பாள். நன்றி சொல்கிறாள் என்று தரகர் எடுத்துக்கொண்டார்.

தரகர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டது ஒரே ஒரு சம்பந்தத்துக்காக. பெண் ஒரு பழைய ரகம். பருத்த மணி, நல்ல நிறம், வேகமாக வேகும். ஆனால் எழுந்து நிற்காது. கொஞ்சம் வளர்ந்ததும் பொத்தென்று தரையில் படுத்துக்கொள்ளும். மழை பெய்தால் அழுகும், அறுவடை இயந்திரம் மேலே தாண்டிப் போய்விடும். நிலையத்தில் அதற்குச் சாய்வு நாற்காலி என்று பெயர். மாப்பிள்ளை ஒரு காட்டு ரகத்து வழி வந்தவன். மணி கடுகுக்கு அண்ணன் அளவு, சுவை அட்டைப்பெட்டி, ஆனால் புயலடித்தாலும் விறைப்பாக நிற்பான். அவன் பெயர் சிப்பாய். பெண்ணின் மணியும் மாப்பிள்ளையின் முதுகெலும்பும் ஒரே செடிக்கு வாய்த்துவிட்டால் விவசாயிகள் பிழைத்துக்கொள்வார்கள்.

வருடா வருடம் தரகர் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். வருடா வருடம் பிறந்த பிள்ளைகள் அத்தனையும் பொத்தென்று படுத்துக்கொண்டன. முந்தைய இயக்குநர் ஒழுங்கை நேசித்தவர். வரிசை வரிசையாக ஒரே மாதிரி படுத்துக் கிடந்த செடிகளைப் பார்த்து, "என்ன ஒற்றுமை! என்ன ஒற்றுமை! அம்மாவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கு!" என்று புல்லரித்துப் போனார். சிறந்த கலப்பாளர் என்று தரகருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார். பிள்ளைகளில் ஒன்றுகூட அப்பனைக் கொள்ளவில்லையே என்று அந்த விழாவில் யாருக்கும் தோன்றவில்லை. முணுமுணுப்பு அக்கா ஏதோ சொன்னாள். கைதட்டலில் கேட்கவில்லை.

அந்த இயக்குநர் ஓய்வு பெற்றார். புது இயக்குநர் ஒரு அம்மாள். கையோடு மரபணு பார்க்கும் இயந்திரம் ஒன்றும் வந்து இறங்கியது. அதை இயக்கப் பயிற்சி பெற்றுவந்தவர் வேறு யாருமில்லை, தரகரின் மனைவிதான். இலைத் துணுக்கை அரைத்து, சாறு இறக்கி, மரபணுவைப் பிரித்து, ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சுவாள். கொஞ்ச நேரத்தில் கோடுகள் தெரியும். சாய்வு நாற்காலிக்குக் கோடு கீழே விழும். சிப்பாய்க்கு மேலே விழும். நிஜமாகவே இருவருக்கும் பிறந்த பிள்ளை என்றால் இரண்டு கோடும் இருக்க வேண்டும். தாயின் கோடு மட்டும் இருந்தால், கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

இயக்குநர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"இனிமே கட்டின நூலை நம்பறதா இல்லை, கோட்டைத்தான் நம்பறது. ஒருத்தர் செஞ்ச கலப்புல பாதியாவது நிஜமா இருக்கணும். இல்லேன்னா கண்ணாடி வீட்டுல அவருக்கு வேலை இல்லை. தூசிக் கொட்டகைக்குப் போயிடணும்."

தூசிக் கொட்டகை என்பது காய்ந்த செடிகளை இயந்திரத்தில் கொடுத்து மணி உதிர்க்கும் இடம். அங்கே தும்மல்தான் ஆட்சிமொழி. அதன் பொறுப்பாளர் தரகரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவனுடைய புருவம் எது, தூசி எது என்று தெரியாது.

"மேடம், பாதின்னு ஏன் வைக்கறீங்க? முழுசா வைங்க!" என்றார் தரகர், மார்பை நிமிர்த்தி. சிப்பாயே பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பான்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய செடிகளின் இலை ஏற்கெனவே அவளுடைய குளிர்பெட்டியில் இருந்தது.

அன்று சாயங்காலம் தரகருக்கு லேசாக உதறல் எடுத்தது. இயந்திரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்நிய தேசத்து இயந்திரத்துக்கு அவருடைய கை ராசி எப்படித் தெரியும்? நீதிபதி வீட்டிலேயே இருக்கும்போது கொஞ்சம் அனுசரித்துப் போவதில் தவறில்லை என்று முடிவு செய்து, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பாத்திரம் தேய்க்கப் போனார்.

"ஏங்க, என்ன வேணும்?" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடியே.

"ஒண்ணுமில்லே. சும்மா."

"சும்மா நீங்க டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டீங்களே."

"பாவம், நாள் பூரா அந்த மெஷினோட மல்லுக்கட்டறே. கை வலிக்காது?"

"வலிக்காது. அது பட்டனைத் தட்டற மெஷின்."

"இருந்தாலும்… சில நேரம் கோடு சரியா விழாதாமே? கொஞ்சம் மங்கலா விழுமாம். அந்த மாதிரி நேரத்துல நாமளா பார்த்து ஒரு கோட்டை… ரெண்டுன்னு…"

"பாத்திரத்தை வச்சிடுங்க" என்றாள் அவள். "அடிப்பிடிச்சது அப்படியே இருக்கு. கழுவறதுக்கு முன்னாடியே இதைவிடச் சுத்தமா இருந்துச்சு."

சாப்பிட வந்த மச்சானுக்குக் கொண்டாட்டம்.

"மாமா, கவலையே படாதீங்க. கொட்டகையில உங்களுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வச்சிருக்கேன்."

"அங்க ஜன்னலே கிடையாதேடா!"

"போட்டுடலாம் மாமா. நீங்க தும்முற தும்முல தானா திறந்துக்கும்."

மூன்றாம் நாள் மனைவி அவரை மரபணுக் கூடத்துக்கு அழைத்தாள். இயக்குநரும் இருந்தார். மேசைமேல் கோடுகளின் படம். மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களே பாருங்க" என்று படத்தை நீட்டினாள்.

தரகர் வாங்கினார். கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. செய்தித்தாள் படிப்பதும் அவர் இப்படித்தான். காகிதம் விற்கிற விலையில் எழுத்தைச் சின்னதாக அடித்து ஏமாற்றுகிறார்கள் என்று ஆசிரியருக்குக் கண்டனக் கடிதம்கூட எழுதியிருக்கிறார்.

பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்பாடா! நான்தான் சொன்னேனே! எல்லாத்துக்கும் ரெண்டு கோடு!"

இயக்குநரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாத்துக்குமா?" என்றாள் மனைவி.

"எல்லாத்துக்கும்! பளிச்சுன்னு தெரியுதே!"

"இந்த ஓரத்துல இருக்கறது?"

"ரெண்டு."

"ஏங்க, அது சாய்வு நாற்காலிங்க. தாய். அதுக்கு ஒண்ணுதான் இருக்கணும்."

தரகர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப தாய்கிட்டதான் ஏதோ தப்பு இருக்கு" என்றார்.

மனைவி எழுந்து, தன் விரல்களை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "இது எத்தனை?"

"இது என்ன சின்னப்பிள்ளைத்தனம், மேடம் முன்னாடி!"

"எத்தனைன்னு சொல்லுங்க."

"கொஞ்சம் தள்ளிப் பிடி."

தள்ளிப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

அவள் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு காட்டினாள். அங்கிருந்து தரகர் சரியாகச் சொன்னார்.

இயக்குநருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளெழுத்து வந்த மனிதருக்குப் பச்சை மொட்டு கண்ணுக்கே தெரியாது. ஆகவே அவர் வருடக்கணக்காக, நன்றாகத் தெரிகிற, பருத்த, லட்சணமான மொட்டுகளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். அவை எல்லாம் உள்ளே காரியம் முடிந்த மொட்டுகள். ஏற்கெனவே கருத்தரித்துவிட்ட பெண்ணுக்கு இவர் ஆரவாரமாக மாப்பிள்ளை அழைத்துவந்து, நூல் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். காய் உதிராமல் நின்றதில் கை ராசியும் இல்லை, கால் ராசியும் இல்லை. பிள்ளைகள் அம்மாவை உரித்து வைத்திருந்ததற்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் அந்த விவகாரத்தில் சம்பந்தப்படாததே காரணம்.

"அப்ப சிப்பாய்?" என்றார் தரகர் ஈனஸ்வரத்தில்.

"இன்னும் பிரம்மச்சாரிதான்" என்றாள் மனைவி.

முணுமுணுப்பு அக்காவின் முடிவும் வந்திருந்தது. உதிராமல் பிழைத்த அவளுடைய சொற்பக் காய்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இரட்டைக் கோடு. அவள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கண்ணாடியை அதுநாள்வரை தரகர் ஒரு நகை என்றே நினைத்திருந்தார்.

விதிப்படி அன்றே அவர் தூசிக் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டும். மச்சான் மூக்குக்குக் கட்டத் துணிகூடத் துவைத்து வைத்துவிட்டான். ஆனால் இயக்குநர் நியாயமான மனுஷி.

"தரகரே, உங்க கைமேல எனக்குச் சந்தேகமில்லை. இவ்வளவு வருஷம் ஒரு மொட்டைக்கூட நசுக்காம வேலை பார்த்திருக்கீங்க. கண்ணாடி போடுங்க. இந்தப் பூக்கற பருவத்துல ஒரு மேசை தரேன். பாதி தேறினா இங்கேயே இருங்க. தேறலேன்னா உங்க மச்சான் பாடு, உங்க பாடு."

கண்ணாடி என்றதும் தரகர் பதறினார். கண்ணாடி போடுவது கிழவர்கள் செய்கிற காரியம். அவருக்கு அந்த வயது வர இன்னும் நிறைய இருந்தது. அது எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் தும்மியபடி மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்துப் பார்த்தார். அன்றே கடைக்குப் போய், வயதானவர்களுக்குப் போட்டது மாதிரி தெரியாத சட்டம் வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் எல்லாமே அவர் வயதுக்காரர்களுக்குப் போட்டது மாதிரிதான் இருந்தன.

மறுநாள் காலை கண்ணாடி வீட்டில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை மாட்டினார். உலகம் திடீரென்று கூட்டமாகிவிட்டது. மேசைமேல் எறும்புகள் இருந்தன. இலையில் மயிர் இருந்தது. தன் மீசையின் ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம் என்பதைக் கண்ணாடிச் சுவரில் பார்த்து, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் வெதும்பினார். பிறகு காம்பின் கக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு பச்சை மொட்டைக் கண்டார். இடுக்கியால் மெல்லக் கீறினார். உள்ளே மகரந்தப் பைகள் வட்டமாக நின்றன. நாலைந்துதான் இருக்கும் என்று இத்தனை காலம் குத்துமதிப்பாகப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"அக்கா!" என்று அலறினார். "பத்து பேர் இருக்காங்கக்கா!"

"எப்பவுமே பத்துதான்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

அந்த வாரம் முழுக்கத் தரகர் பேசவில்லை. பத்து பேரையும் பிடித்து வெளியே தள்ளுவதற்கே மூச்சு முட்டியது. சிப்பாயின் பூவைப் பறித்து, ஒவ்வொரு சூல்முடியிலும் மஞ்சள் பொடி ஒட்டியதைத் தன் கண்ணால் பார்த்தார். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதெல்லாம் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேண்டிய விஷயமா என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

பிறகு மொட்டுகள் உதிரத் தொடங்கின.

முதல் மொட்டு விழுந்தபோது அவர் துடித்துப் போனார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. தினமும் காலையில் மேசைக்கு அடியில் குனிந்து பொறுக்குவார். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். வீட்டில் சோறு இறங்கவில்லை.

"போச்சு. கை ராசி போச்சு. இன்னிக்கும் அஞ்சு போச்சு."

"நல்லதுங்க" என்றாள் மனைவி. "நிஜமா வேலை செஞ்சா உதிரத்தான் செய்யும். உதிராம இருந்தாத்தான் பயப்படணும்."

"எல்லாமே உதிர்ந்துட்டா?"

இதற்கு மச்சானிடம் பதில் இருந்தது. மூக்குத் துணியை எடுத்துவந்து, நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டான்.

எல்லாம் உதிரவில்லை. கடைசியில் விரல்விட்டு எண்ணும்படி கொஞ்சம் காய்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு. காய்ந்ததும் தரகர் அவற்றைத் தொட்டியில் விதைத்தார். முளைத்ததும் தினமும் போய் நின்றார். செடி இலை விட்டதும் மனைவி வந்து துணுக்கு கிள்ளிக்கொண்டு போனாள். இந்த முறை வேறு யாராவது பரிசோதிக்கட்டும் என்று அவள் கேட்டிருந்தாள். "நீங்க சொன்னாலே அவர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு, வேற யார் சொன்னா ஒத்துக்கப் போறாரு?" என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

முடிவு வந்த நாள் மரபணுக் கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மச்சான் கொட்டகையிலிருந்து தூசியோடு வந்து, வாசலைத் தாண்ட அனுமதி கிடைக்காமல் வெளியே நின்று கழுத்தை நீட்டினான். மனைவி படத்தை மேசைமேல் வைத்தாள். தரகர் கண்ணாடியை எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டார். குனிந்தார். முதலில் தாய்: ஒரு கோடு, கீழே. அடுத்து சிப்பாய்: ஒரு கோடு, மேலே. அடுத்தது அவருடைய முதல் செடி.

வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு" என்றார். "இதுவும் ரெண்டு. இது… ரெண்டு." விரல் நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. திடீரென்று நிமிர்ந்தார்; முகத்தில் அப்படியொரு பிரகாசம். "இது ஒண்ணு! மேடம், இது ஒண்ணுதான்! ஒத்தைக் கோடு! கல்யாணமே நடக்கலை, சுத்தப் பித்தலாட்டம்! எனக்கு ஒண்ணு ஒண்ணாவே தெரியுது!"

தன் தோல்வியைக் கண்டு ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ந்ததை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னொன்றையும் அவரே ஒற்றை என்று பிடித்துக் கொடுத்தார். மிச்சமெல்லாம் இரட்டைக் கோடு. பாதிக்கு மேல் தாராளமாகத் தேறிவிட்டது. வாசலில் மச்சான் மூக்குத் துணியை உதறித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"உங்க மேசை உங்களுக்குத்தான்" என்றார் இயக்குநர். எல்லாரும் தொட்டிகளைப் பார்க்கப் போனார்கள். ஒற்றைக் கோட்டுச் செடிகள் இரண்டையும் தரகரே தன் கையால் பிடுங்கி எறிந்தார். சிப்பாயின் நிஜப் பிள்ளைகள் முழுக்கப் படுக்கவும் இல்லை, முழுக்க நிற்கவும் இல்லை; அம்மா பேச்சைக் கேட்பதா, அப்பா பேச்சைக் கேட்பதா என்று யோசிப்பவை போல அரைகுறையாகச் சாய்ந்து நின்றன.

தரகர் முகம் வாடியது. "நிமிரலையே, மேடம்?"

"இப்ப நிமிராது. இதுங்க பிள்ளைங்க காலத்துலதான் குணமெல்லாம் தனித்தனியா பிரியும். பருத்த மணியோட நிமிர்ந்து நிக்கறது அப்பத்தான் கிடைக்கும். நூத்துல சிலதுதான் இருக்கும், தேடி எடுக்கணும்."

தரகர் இடுக்கியைப் பையிலிருந்து உருவினார். செடிகளில் ஏற்கெனவே சின்ன மொட்டுகள் தலைகாட்டியிருந்தன. "அப்ப இதுங்களுக்கு யாரைக் கட்டி வைக்கணும், சொல்லுங்க. இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

"அய்யோ, தொட்டுடாதீங்க!" என்றார் இயக்குநர். "இதுங்களுக்கு வெளி மாப்பிள்ளையே வேண்டாம். மொட்டுக்குள்ள தன்பாட்டுல தானா காய்க்கட்டும். நீங்க பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"சும்மாவா?"

"அதெல்லாம் அவருக்கு நல்லா வரும், மேடம்" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா அதைத்தானே செஞ்சுட்டிருந்தாரு."